கோட் உடைச்சும் கப்பல் தாண்டுபோன கதை

போன போயா லீவுக்கு மச்சான் கல்முனையில இருந்து வந்து ரெண்டு நாள் நிண்டான், வந்தா லப்டொப்போடதான் வருவான், சாப்பாடு தண்ணி இல்லாம ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 எண்ட ரெண்டாம் உலகப்போர் கேம் விளையாடுவான், அம்மா ரெண்டுதரம் பிளேன்டி கொண்டுவந்து வச்சு ரெண்டும் ஆறிப்போய்க் கிடந்தது. இந்தமுறை ஜப்பானை எடுத்திருந்தான். திடீரெண்டு "மச்சான் இஞ்ச பாரு, பிரிட்டன்ட கோட் உடைச்சிட்டன், ரகசியச் செய்தி எழுதுற கோட்" எண்டு துள்ளுறான். எட்டிப் பாத்தா ஸ்கிரீன்ல ஒரு பார் நிரம்பி முடிஞ்சு ஒரு பட்டன் வந்து நிக்கிது, அமத்தினா கொஞ்ச நாளைக்கு சண்டையில போனஸ்.

"இவ்வளவுதானா?" எண்டு கேட்டன்.

"வேற என்ன வேணும் உனக்கு?" எண்டான்.

அவனுக்கு அண்டைக்கு வாயால சொல்லி விளங்கப்படுத்த ஏலாமப் போனதைத்தான் இஞ்ச எழுதுறன்.

அந்த கேமை நான் குறை சொல்லல்ல, நானும் இரவிரவா முழிச்சு விளையாடினவன்தான். ஒருதரம் பாவிச்சா திரும்ப முதல்ல இருந்து உடைக்கவேணும் எண்டு அதில வச்சிரிக்கிறானுகள், நல்ல யோசனைதான். மற்றக் கனக்க கேம்ல அதுவும் இல்ல, ஆராய்ச்சிப் பக்கத்தில ஒரு பெட்டியை வாங்கிவிட்டா எதிரிட கப்பலெல்லாம் மப்பில சிவப்பாத் தெரியும், கதை முடிஞ்சுது. எனக்கு எரிச்சல் வாறது இந்த 'தெரியும்' எண்டுறதிலதான். கோட் உடைஞ்சா கண் திறந்தமாதிரி எண்டு காட்டுறானுகள். உண்மையில அது பூட்டின வீட்டுக் கதவு ஓட்டையால ஒரு கண்ணால பாக்கிறமாதிரி, அதுவும் உள்ளுக்கு இரிக்கிறவன் நேத்துச் செஞ்சதைத்தான் இண்டைக்குப் பாக்கலாம்.

நாங்க மட்டக்களப்புக் கல்லடி ஆக்கள். கடற்கரையில நிண்டு கிழக்கால பாத்தா ஒண்டும் தெரியாது, தண்ணிதான், ஆனா அந்தத் தண்ணிக்கடியில ஹெர்மிஸ் எண்ட பிரித்தானியாக் கப்பல் கிடக்கு எண்டு இஞ்ச சின்னப்பிள்ளைக்கும் தெரியும். விமானம்தாங்கிக் கப்பல் எண்டே வரைஞ்சு கட்டத் தொடங்கின முதல் கப்பல் அது, 1918ல தொடங்கினது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்ட குண்டு விழுந்து தாண்டது, 307 பேர் செத்துப்போனாங்க. 50 மீட்டருக்கும் கூட ஆழம், சுழியோடுற வெளிநாட்டுக்காரர் அதைப் பாக்கவெண்டே வாறாங்க. எங்கட அப்பப்பா அந்தக் கதை சொல்லும்போதெல்லாம் கடைசியில ஒரே வசனம்தான் சொல்லுவார், "வெள்ளைக்காரனுக்கு ஒண்டும் தெரியாது, அம்பிட்டுப்போனான்" எண்டு. நானும் கனகாலம் அப்பிடித்தான் நம்பி இருந்தன்.

பிறகு வாசிச்சுப் பாத்தாத்தான் விளங்கிச்சுது, அவனுகளுக்கு நல்லாத் தெரிஞ்சிரிக்கு. தெரிஞ்சிருந்தும்தான் இது.

சிங்கப்பூர்ல இருந்த பிரித்தானியாட கோட் உடைக்கிற பிரிவு 1942 ஜனவரியில கொழும்புக்கு வந்திட்டு, ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தை எடுத்து அதுக்குள்ள இருந்து வேலை செஞ்சாங்க. மார்ச் மாதக் கடைசியில ஒரு ஜப்பான் செய்தி துண்டு துண்டா வாசிக்கக் கிடைக்குது. விமானம்தாங்கிக் கப்பல்கள் வருது, டீ.ஜீ. எண்டுற இடத்தைத் தாக்கப்போகுது, ஏப்ரல் முதலாம் திகதி அளவில. டீ.ஜீ. எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அது கோட்டுக்குள்ள இரிக்கிற இன்னொரு கோட். ஆனா ஜப்பான் பக்கத்தில கோட் எழுதின ஆரோ ஒருத்தன் கொ-ரொ-ன்-போ எண்டு எழுத்துக்கூட்டியே அனுப்பிட்டான். அவ்வளவு பெரிய கடற்படைட ரகசியம் ஒரு ஆள்ட அலுப்பில போச்சு. (இதை எந்த கேமாவது காட்டியிரிக்கா? சோம்பேறி ஓப்பரேட்டருக்கு ஒரு கட்டம்?)

இப்ப இந்து சமுத்திரத்தில பிரித்தானியாக் கடற்படைக்குத் தலைவரா இருந்த சொமர்வில் அட்மிரலுக்கு எல்லாம் தெரியும். ஆர் வாறது, எங்க வாறது, எண்டைக்கு வாறது. கப்பலையெல்லாம் சேர்த்துக்கொண்டு இலங்கைக்குத் தெற்கால போய் காத்துக்கொண்டு நிண்டார். முதலாம் திகதி ஒருத்தரும் வரல்ல. ரெண்டாம் திகதியும் வரல்ல. பழைய போர்க்கப்பல்கள், எண்ணெய் தண்ணி எல்லாம் குறைஞ்சுபோச்சு, கடைசியா மாலைதீவு தென்கோடியில இரிக்கிற அட்டு தீவுக்கு எண்ணெய் நிரப்பப் போயிட்டார். போகேக்குள்ள ரெண்டு குரூசரை கொழும்புக்கு அனுப்பினார், ஹெர்மிஸை திருகோணமலைக்கு அனுப்பினார். நாலாம் திகதி பின்னேரம், கப்பலெல்லாம் அட்டுவில எண்ணெய் ஏத்திக்கொண்டு நிக்கேக்குள்ள, லெனார்ட் பேர்ச்சல் எண்டுற கனடாக்காரன்ட கட்டலினா விமானம் ஜப்பான் அட்மிரல் நகுமோட படையைக் கண்டு செய்தி அனுப்பிப்போட்டு சுடுபட்டு விழுகுது. அடுத்த நாள் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு, கொழும்புக்கு அடி. (அந்தப் பேரைக் கேட்டா எங்கட ஊருக்கு 2019 குண்டுவெடிப்பு ஞாபகம்தான் வரும், அதை விடுவம்.) அந்த ரெண்டு குரூசரும் அண்டைக்கே தாண்டது. நாலு நாள் கழிச்சு திருகோணமலை, அதோட ஹெர்மிஸ்.

வாசிச்ச செய்தியில ஒரு பிழையும் இல்ல, பாருங்க. ஜப்பான்ட திட்டம்தான் சில நாள் பிந்திட்டு. கோட் சரி, ஆள் சரி, இடம் சரி, நாள் மட்டும் வழுக்கிட்டு. இதை ஒரு பார்ல எப்பிடி நிரப்புவீங்க? நூற்றுக்கு எவ்வளவு எண்டு போடுவீங்க?

சரி, கோட் எண்டா என்ன மாதிரி எண்டும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டா கேம்ல அது எப்பவும் ஒரு கறுப்புப் பெட்டி. இந்தக் கடற்படைக் கோட்டுக்கு மற்றப் பக்கம் வச்ச பேர் ஜே.என். 25, 1939ல பாவனைக்கு வந்தது. ரெண்டு புத்தகம். முதல் புத்தகத்தில ஒவ்வொரு சொல்லுக்கும் அஞ்சு இலக்க நம்பர் ஒண்டு. சும்மா உதாரணத்துக்கு 'எண்ணெய்' எண்டதுக்கு 45312 எண்டு வச்சுக்கொள்ளுங்க. ரெண்டாவது புத்தகம் முழுக்க கண்டபடி நம்பர்தான், அதில எந்த இடத்தில தொடங்கிறது எண்டதை செய்திக்குள்ளயே மறைச்சுச் சொல்லிப்போட்டு அங்கயிருந்து வரிசையா ஒவ்வொண்டையும் எடுத்துக் கூட்டவேணும். கூட்டும்போது 'கையில ஒண்டு' எண்டு கொண்டுபோறதில்ல. 45312ஓட 70819ஐக் கூட்டினா, 4உம் 7உம் 11, ஒண்டை மட்டும் எழுது, 5உம் 0உம் 5, 3உம் 8உம் 11 திரும்ப ஒண்டு, 1உம் 1உம் 2, 2உம் 9உம் 11 திரும்பவும் ஒண்டு. காத்தில போறது 15121. கேக்கிறவனுக்கு 15121ல ஒண்டும் இல்ல.

ஆனா ரெண்டு செய்தி அந்த ரெண்டாவது புத்தகத்தின்ட ஒரே வரியைப் பாவிச்சிருந்தா? ஒண்டில இருந்து மற்றதைக் கழிச்சா அந்தக் கண்டபடி நம்பர் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போயிரும், முதல் புத்தகத்து நம்பர்ட வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சும். அதோட இன்னொரு விசயம், முதல் புத்தகத்து நம்பரெல்லாம் மூணால வகுபடும். 4, 5, 3, 1, 2 கூட்டினா 15, சரியா. ரேடியோவில இரைச்சலுக்குள்ள நம்பர் பிழைச்சா கண்டுபிடிக்க எண்டு ஜப்பான்காரன் செஞ்ச ஏற்பாடு, அதே ஏற்பாடு கோட் உடைக்கிறவனுக்கு 'நீ நினைச்சது சரி' எண்டு சொல்லிக்குடுத்திட்டு. பிரித்தானியாட கோட் உடைக்கிற தலைமை இடமான பிளெட்ச்லி பார்க்கில ஜோன் டில்ட்மன் 1939லயே இதின்ட கட்டமைப்பைப் பிடிச்சவர். எண்டாலும் கட்டமைப்பைப் பிடிக்கிறது வேற, சொல்லை வாசிக்கிறது வேற. அனுப்புறவன் எவ்வளவுக்கு எவ்வளவு கூடக் கதைக்கிறானோ அவ்வளவுக்கு அவன்ட செய்தி ஒண்டுக்கு மேல ஒண்டு விழும், அவ்வளவுக்குத்தான் வாசிக்கலாம். எதிரிட கோட்டை நீங்க உடைக்கிறதில பாதி வேலையை எதிரிதான் செஞ்சு தாறான்.

இதில நான் ஒரு அனுபவஸ்தன் எண்டும் சொல்லவேணும். பகிடி இல்ல.

எனக்கு ஒரு பன்ரெண்டு பதிமூணு வயசிருக்கும், சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னுக்கு டவுன்ல பெரியப்பாட புடவைக்கடையில நிப்பன், மடிச்சு வைக்கிறது, பை எடுத்துக் குடுக்கிறது. ஒவ்வொரு சாறியிலயும் ஒரு சின்ன டிக்கெட், விக்கிற விலைக்குக் கீழ மூணு நாலு எழுத்து பென்சிலால கிறுக்கியிரிக்கும். கேட்டா "அது கம்பனிக்காரன்ட நம்பர் மனே" எண்டுவார். கம்பனி நம்பரை ஏன் பெரியப்பாட கையெழுத்தில எழுதிரிக்கு? ஒருநாள் கொழும்பில இருந்து வந்த கட்டை அவிழ்க்கேக்குள்ள மொத்தக்கடைப் பில் கையில அம்பிட்டுது. பில்லில 385, டிக்கெட்டில மூணு எழுத்து. இன்னொண்டு 550, டிக்கெட்டிலயும் முதல் ரெண்டு எழுத்து ஒரே எழுத்து. எனக்கு நெஞ்சு அடிச்சது இப்பவும் ஞாபகமிரிக்கு. அஞ்சாறு பில்லோட பத்து எழுத்தும் வந்திட்டு, சேர்த்து வாசிச்சா ஒரு கோயில் பேர். வாங்கின விலையை எழுத்தால மறைச்சு எழுதியிரிக்கிறார். அந்தப் பேரை இஞ்ச எழுதமாட்டன், பெரியப்பா இல்லாட்டியும் கடை இன்னும் நடக்குது.

சும்மா இருந்திருக்கலாம். எதிர்வீட்டு மாமி சாறி எடுக்க வந்தா, எனக்கு புழுகம் தாங்கல்ல, "மாமி அது 385 தான் அடக்கம்" எண்டு காதுக்குள்ள சொல்லிப்போட்டன். மாமி 650 ரூபா சாறியை நேர 400க்கு கேட்டுட்டா. பெரியப்பா மாமியைப் பாத்தார், டிக்கெட்டைப் பாத்தார், பிறகு மெதுவா என்னைப் பாத்தார். ஏசல்ல. 400க்கே குடுத்தும் விட்டார். அடுத்த கிழமை போனா கடை முழுக்க டிக்கெட்டில வேற எழுத்து, பில் கட்டெல்லாம் அலுமாரிக்குள்ள, திறப்பு பெரியப்பாட மடியில. மாமி 480 எண்டு கேட்டிருந்தா ஒரு சந்தேகமும் வந்திருக்காது. நான் இன்னும் எத்தனை வருசத்துக்கு அந்தக் கோயில் பேரை வச்சு வாசிச்சிருப்பன்.

கேம்ல இந்த மாமி இல்ல. அதுதான் என்ட பெரிய குறை. உடைச்சதை எவ்வளவு பாவிக்கிறது, எவ்வளவு பாவிக்காம விடுறது எண்டுற கணக்குத்தான் உண்மையில தலையிடி. 1941 மார்ச்சில கிரேக்கத்துக்குக் கிட்ட நடந்த மட்டபன் முனைச் சண்டைக்கு முன்னம் இத்தாலிக் கப்பல்கள் வருது எண்டு பிரித்தானியாக்காரனுக்கு கோட்டால தெரிஞ்சுபோச்சு. எண்டாலும் முதல்ல ஒரு விமானத்தை அனுப்பி, இத்தாலிக்காரன் அந்த விமானத்தைக் கண்ணால காணவும் விட்டானுகள், 'ஓ, விமானம் கண்டுட்டு' எண்டு அவன் நினைக்கட்டும் எண்டு. பிரித்தானியாட கனிங்ஹாம் அட்மிரல் எகிப்துல அலெக்சாண்டிரியாவில ஜப்பான் கொன்சல்ட கண்ணுக்கு முன்னால கொல்ஃப் விளையாடப் போறமாதிரி கரைக்கு இறங்கி, இருட்டினாப்பிறகு களவா கப்பல் ஏறினார். ஒரு அட்மிரல் கள்ளப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள்ள வாறது எந்த கேம்ல வருது சொல்லுங்க.

மற்றது, கோட் உடைக்கிறது ஒரு பக்கத்துச் சொத்தெண்டு காட்டுறதும் பிழை. அத்திலாந்திக்கில 1942 பெப்ரவரி முதலாம் திகதி ஜெர்மன் நீர்மூழ்கிகள் எனிக்மா எண்டுற கோட் மெசின்ல நாலாவது சில்லைப் போட்டதோட பிளெட்ச்லிக்காரனுக்கு பத்து மாதம் இருட்டு. அதே காலத்தில ஜெர்மன்காரன் பிரித்தானியாட கொன்வோய்க் கோட்டை வாசிச்சுக்கொண்டிருந்தான். ரெண்டு பேரும் மற்றவன்ட பொக்கட்டுக்குள்ள கைய விட்டுக்கொண்டு தன்ட பொக்கட் பத்திரம் எண்டு நம்பிக்கொண்டிருந்தானுகள்.

இதெல்லாத்தையும் மச்சானுக்குச் சொன்னன். "கதை நல்லாரிக்கு, ஆனா விளையாட ஏலுமா?" எண்டான். அதுதான் சரியான கேள்வி.

அண்டைக்கே ஒரு கேம் செஞ்சம். பழைய கலண்டர் தாள் நாலைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி இந்து சமுத்திரம் கீறினம், சோடா மூடிதான் கப்பல். மச்சான் ஜப்பான், விறாந்தையில, நான் பிரிட்டன், ஹோலுக்குள்ள, ஆளுக்கொரு மப், நடுவில நடுவரா அக்காட மகள், இணைந்த கணிதம் படிக்கிறவ, அவவுக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் தெரியும். முதல் தரம் உண்மையான நம்பர் முறையையே வச்சம். ஐம்பது சொல்லுக்கு சீ.ஆர். கொப்பியில நம்பர், எல்லாம் மூணால வகுபடவேணும் எண்டு மருமகள் ஒற்றைக்காலில நிண்டா, ரெண்டாவது புத்தகமும் அவவே எழுதினா. மூணு மணித்தியாலம் போச்சு, ஒரு மூடியும் நகரல்ல. கழிச்சுக் கழிச்சு எனக்கு 'தெற்கு' எண்ட ஒரு சொல்லு மட்டும் கிடைச்சுது. அம்மா வந்து பாத்துட்டு "சோதினைக்கா படிக்கிறீங்க?" எண்டா. சண்டை விளையாட்டு எண்டு சொன்னதும் முகம் மாறிட்டு, "பட்டது காணாதாகா, இனி விளையாட்டுக்கும் வேணுமா" எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிட்டா. அதுக்கு எங்களிட்ட பதில் இல்ல.

இரவைக்குச் சாப்பிட்டுட்டு ரெண்டாம் தரம் மாத்தினம். கணக்கை நடுவரிட்ட விட்டாச்சு. மச்சான் அனுப்புற ஒவ்வொரு செய்தியும் எனக்கு ஒரு துண்டில வரும், ஆனா ஓட்டை ஓட்டையா, ஒரு நாள் பிந்தி. எத்தனை ஓட்டை எண்டது அவன் அதே பக்கத்தை வச்சு எத்தனை செய்தி அனுப்பினான் எண்டதில இரிக்கு, கூடக் கதைச்சா ஓட்டை குறையும். வேணுமெண்டா அவன் கோட்டை மாத்தலாம், மாத்தினா ஒரு நாளைக்கு அவன்ட பாதிக் கப்பலுக்கே கட்டளை விளங்காது. இது சும்மா வச்ச ரூல் இல்ல, 1942ல ஜப்பான் புதுக் கோட்டுக்கு மாறுறது பிந்திப் பிந்தி மே கடைசிக்குத்தான் நடந்தது, பரந்து கிடக்கிற கப்பலுக்கெல்லாம் புத்தகம் போய்ச் சேரவேணுமே. அந்தப் பிந்தலுக்குள்ளதான் அமெரிக்கன் பசுபிக்கில இரிக்கிற தன்ட மிட்வே தீவில தண்ணி இல்லையெண்டு பொய்ச்செய்தி விட்டு, ஜப்பான்காரன் 'ஏ.எஃப்.ல தண்ணி இல்லையாம்' எண்டு அனுப்ப, ஏ.எஃப். எண்டா மிட்வே எண்டு உறுதிப்படுத்திக்கொண்டது. பொறி வைக்கிறதுக்கும் ஒரு ரூல் போட்டம். மாமிக்கும் ரூல் போட்டம், காரணமில்லாம சரியான இடத்தில போய் நிண்டா மருமகள் மச்சான்ட பக்கத்தில ஒரு தீக்குச்சி வைப்பா, மூணு குச்சி விழுந்தா கோட் சும்மாவே மாறும். அவசரச் செய்திக்கு மட்டும், அதாவது விமானத்தில இருந்து 'கப்பலைக் கண்டன்' எண்டு கத்துறதுக்கு, லேசான கோட், ஓட்டை இல்லாம உடனயே எனக்கு வரும்.

எனக்குச் சரித்திரம் தெரியும் எண்டுறதால தாக்குற நாளை சீட்டுப் போட்டு எடுத்தம், ஒண்டுக்கும் பத்துக்கும் இடையில, மச்சானுக்கு மட்டும்தான் தெரியும்.

மூணாவது துண்டு இப்பிடி வந்தது: "விமானம்தாங்கி — — கொழும்பு — மூ— —". மூணா, மூணு கப்பலா, மூடு எண்டதா? நான் மூணாம் திகதி எண்டு எடுத்தன். தெற்கால போய் நிண்டன். மூணு போச்சு, நாலு போச்சு. மச்சான் அதுக்குப்பிறகு ஒரு செய்தியும் அனுப்பல்ல, கள்ளன், ரேடியோவை மூடிட்டு இருக்கிறான். ஒவ்வொரு நாளும் மருமகள் என்ட எண்ணெய்க்கு வச்ச மஞ்சோடிக் கொட்டையில ஒவ்வொண்டா எடுத்துக்கொண்டு போறா. அஞ்சாம் நாள் ரெண்டு கொட்டைதான் மிச்சம். திரும்பினன். வேற என்ன செய்ய? சின்னதில இருந்து சொமர்வில்லை "என்ன மனுசன் இவன், இன்னும் ரெண்டு நாள் நிக்க ஏலாதா" எண்டு ஏசினவன் நான், எண்ணி வச்சமாதிரி அதே வேலையைச் செய்தன். ஹெர்மிஸ் மூடியை வேணுமெண்டே திருகோணமலைக்கு அனுப்பல்ல, அங்க அனுப்பினா என்ன நடக்கும் எண்டு தெரியுமே. கிழக்குக் கரையால தெற்கு நோக்கி அனுப்பினன், தப்பட்டும் எண்டு.

இதை காசுக்கு விக்கிற கேம்ல ஏன் வைக்கமாட்டானுகள் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. காசு குடுத்து வாங்கினவனிட்ட 'நீ செஞ்சது சரிதான், எண்டாலும் தோத்துட்டாய்' எண்டு சொன்னா ரெவியூல கிழிச்சுப்போடுவான். எனக்கே மருமகளோட கோவம் வந்தது, அளாப்புறா எண்டு சொல்லிட்டன். அவ துண்டு எல்லாத்தையும் எடுத்துக் காட்டினா. மூணாவது துண்டின்ட முழு வசனத்தில, கொழும்புக்குப் பிறகு, 'மூணு நாள் பிந்தும்' எண்டு இருந்தது. அதுதான் அந்த 'மூ'.

ராத்திரி பதினொண்டரைக்கு மருமகள் விறாந்தையில இருந்து வந்து ஒரு துண்டை வச்சா. அண்டைக்கு எனக்கு வந்ததில ஓட்டையே இல்லாத ஒரே ஒரு துண்டு. "விமானம்தாங்கி ஒண்டு, அழிகப்பல் ஒண்டு, மட்டக்களப்புக்கு நேர கிழக்கால, தெற்கு நோக்கிப் போகுது." முழுக்க வாசிச்சன், ஒரு எழுத்தும் விடாம. ஹெர்மிஸ் மூடி மப்பில எங்கட வீட்டுக்கு நேரதான் நிக்கிது. திருப்பலாமா எண்டு கேட்டன். திருப்பலாம், ஒரு கட்டம். மச்சான்ட விமானத்துக்கு எத்தனை கட்டம் எண்டு கேட்டன். மருமகள் ஒண்டும் சொல்லாம பாத்துக்கொண்டு நிண்டா.

1942லயும் இதுதான் நடந்தது. ஹருணா போர்க்கப்பல்ட விமானம் ஹெர்மிஸைக் கண்டு அனுப்பின செய்தியை பிரித்தானியாக்காரன் காத்திலயே பிடிச்சிட்டான், உடன திருகோணமலைக்குத் திரும்பு எண்டு கட்டளையும் போச்சு, காப்பாத்த சண்டை விமானமும் அனுப்பப் பாத்தாங்க. ஹெர்மிஸ்ட சொந்த விமானங்கள் கரையில நிண்டது. ஜப்பான்காரன் 85 குண்டுவீச்சு விமானத்தை அனுப்பினான்.

மூடியை எடுத்து மச்சான்ட கையில குடுத்தன். அவன் அதைப் பொக்கட்டுக்குள்ள போட்டுக்கொண்டு "அடுத்த போயாவுக்கு நான் பிரிட்டன், ஆனா எண்ணெய்க் கொட்டையைக் கூட்டவேணும்" எண்டான். மருமகள் ஏலாது எண்டுட்டா.

காலையில கல்முனை பஸ்ஸுக்கு அவனை ஏத்திவிட்டுட்டு கடற்கரையால நடந்து வந்தன். தோணிகள் ரெண்டு மூணு அந்தப் பக்கம்தான் நிண்டது, அங்க நல்ல மீன்.